பள்ளிவாசல் படியில் ஒரு விதிமீறல்

1

நேற்றுக் காலை என்னுடைய தெர்மாமீட்டரே என்னைப் பிடித்துக்கொடுத்துவிட்டது.

ஷார்ஜாவில் ஒரு மழலையர் காப்பகத்தின் வாசலில் தினமும் காலையில் நிற்கிறவன் நான். இங்கே அதை நர்சரி என்பார்கள். கைக்குழந்தை முதல் நான்கு வயதுப் பிள்ளை வரை வரிசையாகக் காரில் வந்து இறங்கும். ஒவ்வொரு நெற்றிக்கும் நேராகத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை நீட்டுவேன். பச்சை எரிந்தால் உள்ளே. சிவப்பு எரிந்தால் வந்த காரிலேயே வீட்டுக்கு. அம்மா கெஞ்சுவார், அப்பா கைக்கடிகாரத்தைக் காட்டுவார், பிள்ளை அழும். நான் அசையமாட்டேன். ஊழியர்களுக்கும் இதே சோதனை உண்டு. நேற்று என் முறை வந்தபோது நெற்றியில் நானே வைத்துப் பார்த்தேன். சிவப்பு.

யாரும் பார்ப்பதற்குள் இன்னொரு தடவை வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் அது கீச்சுக் கீச்சென்று கத்தி ஊரைக் கூட்டிவிட்டது. நர்ஸ் ஷீலா வந்தார். கோட்டயத்துக்காரர், என்னோடு தமிழில்தான் பேசுவார், அதாவது அவர் தமிழ் என்று நம்புகிற மொழியில். சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, "இது சாதிக் எழுதி ஒட்டின ரூல் அல்லே?" என்றார். மருந்து இல்லாமல் ஒரு முழு நாள் காய்ச்சல் இன்றி இருந்த பிறகே உள்ளே வரலாம் என்று அதில் இருந்தது. கையெழுத்து என்னுடையதுதான்.

ஆகவே இப்போது அறையில் படுத்திருக்கிறேன். அறையில் என்னோடு மூன்று பேர். அவர்கள் என் கட்டிலைச் சுற்றி ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, சாப்பாட்டை அதன் அடியில் தள்ளிவிடுகிறார்கள். இதைக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். நம்மூரில் ஆண்டு மலர் வெளியிடுகிற நண்பர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்: "சபுராளி அனுபவம்னு ஏதாச்சும் எழுதுப்பா. ஒட்டகம், பாலைவனம், கண்ணீரு மூணும் இல்லாம எழுது." சபுராளி என்றால் எங்கள் லப்பைக்குடிக்காட்டில் வெளிநாட்டுச் சம்பாத்தியக்காரன். ஒட்டகத்தை நான் இங்கே பொம்மையாகத்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் எச்சிலோடு. அதனால் முதல் இரண்டுக்கும் பிரச்சினை இல்லை. மூன்றாவதற்கு உத்தரவாதம் தரமாட்டேன்.

மத்தியானம் ஷீலா போன் செய்தார். தொற்று எங்கிருந்து வந்தது என்று மேலிடத்துக்குச் சொல்ல வேண்டுமாம். நான் லீவு முடிந்து ஊரிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்ததால், விமானத்திலா, ஊரிலா, யாரிடமிருந்து என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். விசாரிக்க ஒன்றுமில்லை. எந்த இடத்தில், யார் வாயிலிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

2

எனக்கு மூன்று பதவிகள். விசாவில் நான் கிளீனர். கழுத்தில் தொங்கும் அட்டையில் சுகாதாரக் கட்டுப்பாட்டாளர். எனக்குப் பெண் பார்த்தபோது எங்கள் மும்தாஜ் அக்கா சொன்ன கணக்கில் 'ஸ்கூல்ல ஆபீசர்'. மூன்றும் ஒரே ஆள்தான். கையில் இருக்கும் துணியின் நிறம்தான் மாறும்.

துணி என்றால் சாதாரணம் இல்லை. சிவப்புத் துணி கழிப்பறைக்கு, நீலம் விளையாடும் அறைக்கு, பச்சை சாப்பாட்டு மேசைக்கு. பெரம்பலூரில் பி.காம். படித்தபோது எனக்கு இவ்வளவு கவனம் இருந்திருந்தால் வேறு எங்கோ போயிருப்பேன். பிள்ளை வாயில் வைத்த பொம்மை அடுத்த பிள்ளையின் கைக்குப் போகக் கூடாது. அதைப் போட மூடி வைத்த மஞ்சள் கூடை உண்டு. சாயங்காலம் திறந்தால் யானை, ரயில்பெட்டி, மேற்படி ஒட்டகம் எல்லாம் நனைந்து கிடக்கும். கழுவி, மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி கழுவி, காற்றில் காயவைப்பேன். துணியால் துடைத்துக் காயவைத்தால் துணியில் இருப்பது பொம்மைக்கு வந்துவிடும். டயப்பர் மாற்றும் மேசையை ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவில் துடைக்க வேண்டும், ஈரம் தானாகக் காயும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் அடுத்த பிள்ளை பொறுமையாக இருக்க வேண்டும் என்பது விதியில் இல்லை.

கை கழுவுவதற்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். கையில் ஏதோ ஒரு களிம்பைத் தடவச் சொல்லி, கழுவச் சொல்லி, பிறகு நீல விளக்குக்குக் கீழே பார்ப்பார்கள். அழுக்கு மிச்சம் இருந்தால் அங்கே மின்னும். என் கையில் ஒரு பொட்டு மின்னவில்லை. ஆனாலும் முதல் தடவை ஃபெயில். பழக்கதோஷத்தில் பள்ளிவாசலில் தொழுகைக்கு ஒளு செய்வதுபோல மணிக்கட்டுவரை மூன்று தடவை, பிறகு முழங்கைவரை மூன்று தடவை என்று கழுவிவிட்டேன். இடையில் மூக்குக்குத் தண்ணீர் எடுக்கப் போன கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன், அதுவரை நல்லது. 'விண்ணப்பதாரர் செய்முறையைப் பின்பற்றவில்லை' என்று எழுதிவிட்டார்கள். ஐந்து வேளையும் கை கழுவுகிற ஊரிலிருந்து வந்தவன் கை கழுவுவதில் தோற்றேன். இரண்டாம் தடவை குறைவாகக் கழுவி ஜெயித்தேன்.

3

பெற்றோர்கள் செய்கிற ஒரு தந்திரத்தைச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு விடியற்காலையில் காய்ச்சல். இருவருக்கும் ஆபீஸ். காரிலேயே ஒரு மூடி மருந்தை ஊற்றிவிட்டு வருவார்கள். வாசலில் பச்சை எரியும். நானும் சிரித்துக்கொண்டே உள்ளே விடுவேன். பதினோரு மணிவாக்கில் மருந்து இறங்கும், பிள்ளை துவண்டு விழும். தாயைக் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருப்பார்.

அப்படிப்பட்ட பிள்ளையைத் தனி அறையில் உட்காரவைப்போம். சுவரில் மீன் படம் வரைந்திருக்கும். ஷீலா உள்ளே இருப்பார், நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பேன், அது போனபின் துடைக்க. உள்ளே பிள்ளை அம்மாவைக் கேட்டு அழும். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கையை நீட்டும். துப்புரவு ஊழியர்கள் பிள்ளைகளைத் தூக்கக் கூடாது என்பது எங்கள் காப்பகத்தின் விதி. நல்ல விதிதான். ஒரு கையில் சிவப்புத் துணி இருப்பவன் மறுகையில் பிள்ளையை வைத்திருக்கக் கூடாது.

இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒரு பிள்ளையையும் நான் தூக்கியதில்லை. கட்டடத்திலேயே சுத்தமான கைகள் என்னுடையவை. அவற்றில் பிள்ளை மட்டும் இருந்ததில்லை. இதை ஒரு குறையாக அப்போது நினைக்கவில்லை, ஊருக்குப் போனால் தூக்குவதற்கு எனக்கென்று ஒருத்தி இருக்கிறாள் என்ற தைரியம்.

4

அவள் பெயர் ஆஃப்ரின். பல் முளைக்காத வாயோடு இருந்தபோது விட்டுவிட்டு வந்தேன். நடந்தது, பேசியது, முதல் தடவை கதவிடுக்கில் விரலை நசுக்கிக்கொண்டது எல்லாம் போனில்தான். இடையில் ஒரு தடவை லீவு வாங்கினேன், காப்பகத்துக்கு மாநகராட்சி ஆய்வு வருகிறது என்று நிறுத்திவிட்டார்கள். ஆய்வில் எங்களுக்கு நல்ல பெயர்.

தினமும் போனில் ஒரு தகப்பன் மகளிடம் என்ன பேசுவான்? சாப்பிட்டியா என்று கேட்கலாம். அப்புறம்? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதைச் சொல்லிக்கொடுத்தேன். கை கழுவ ஒரு பாட்டுக் கட்டினேன்: 'முன்கை தேய், பின்கை தேய், விரல் நடுவே நுழைந்து தேய், கட்டை விரலைத் திருகித் தேய், நகத்தைக் கூடச் சுரண்டித் தேய்.' ராகம் எங்கள் தெருவில் ஐஸ் விற்பவர் அடிக்கிற ஹாரன். அவள் ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். இருமினால் முழங்கையை மடக்கி அதில் இருமு என்றேன். கீழே விழுந்த பிஸ்கட்டை எடுக்காதே என்றேன். யார் தூக்க வந்தாலும் 'கை கழுவுனீங்களா'ன்னு கேளு என்றேன்.

"யார் வந்தாலுமா?" என்று போனில் கேட்டாள்.

"யார் வந்தாலும்."

என் மனைவி ஷாஜிதா பக்கத்திலிருந்து, "போதும் வையிங்க, புள்ள வந்தவங்களயெல்லாம் வெரட்டுது" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நர்சரியில் டீச்சரம்மாக்களிடம் எல்லாம் சொன்னேன், என் மகள் மூன்று வயதில் நோய்த்தடுப்புப் பேசுகிறாள் என்று.

5

திருச்சி விமான நிலையத்திலிருந்து வீடு வந்து சேர்ந்தபோது தெருவே வாசலில் நின்றது. சபுராளி வந்தால் எங்கள் ஊரில் அப்படித்தான். பெட்டி பிரிக்கிறவரை பேச்சு நம்மைப் பற்றியும், பிரித்தபின் பெட்டியைப் பற்றியும் இருக்கும். ஸலாம் சொல்லி இரண்டு கையாலும் கையைப் பிடிப்பார்கள், கட்டிப் பிடிப்பார்கள், பிறகு அதே கையால் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, கிள்ளிய விரலை முத்தமிட்டுக்கொள்வார்கள். ஒரே முத்தத்தில் தெரு முழுவதும் இருக்கிற கிருமி கைமாறும். நான் ஒரு சானிடைசர் புட்டியை நிலைப்படிக்குப் பக்கத்து ஜன்னலில் வைத்தேன். வருகிறவர்கள் அதை அழுத்தி, முகர்ந்து பார்த்து, சட்டையில் தடவிக்கொண்டார்கள். வெளிநாட்டு சென்ட் இந்தத் தடவை வாசனை கம்மி என்று ஊரில் பேச்சானது.

அது இருக்கட்டும். நான் உள்ளே நுழைந்ததும் ஷாஜிதாவின் முந்தானைக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. போனில் பார்த்ததைவிடச் சின்னது. நான் மண்டியிட்டுக் கையை நீட்டினேன். விமானத்தில் வரும்போதே இந்தக் காட்சியைப் பல தடவை பார்த்துவிட்டேன், என் கணக்குப்படி அவள் இப்போது ஓடிவர வேண்டும்.

"கை கழுவுனீங்களா?" என்றாள்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். போய்க் கழுவிவிட்டு வந்தேன்.

"பாட்டுப் பாடலையே" என்றாள்.

மறுபடி போய், தெரு கேட்கப் பாடிக்கொண்டே கழுவினேன். வந்து நீட்டினேன். விரல்களைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். "நகம் பெருசா இருக்கு."

மும்தாஜ் அக்கா நகவெட்டியை எடுத்துக் கொடுத்தாள். எங்கள் குடும்பத்தில் என்னைத் தவிர எல்லாரையும் சிரிக்கவைத்த நாள் அது. நகம் வெட்டி முடித்து நிமிர்ந்தபோது அவள் அங்கே இல்லை.

ஷார்ஜாவில் எத்தனையோ ஆய்வாளர்களைப் பார்த்திருக்கிறேன். கதவு இடுக்கில் விரலை விட்டுத் தூசி பார்ப்பவர்கள், குப்பைத்தொட்டி மூடியை மிதித்துப் பார்ப்பவர்கள். எல்லாரும் கடைசியில் ஒரு டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இவள் போடவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு குறை. வெளியே போய் வந்தீங்க. செருப்பைத் தொட்டீங்க. மூக்கைச் சொறிஞ்சீங்க. எல்லாம் நியாயமான குறைகள், எல்லாம் நானே சொல்லிக்கொடுத்தவை.

6

ஷாஜிதாவின் தம்பி ஜாபர் மீன் வியாபாரம் செய்கிறவன். காலை வியாபாரம் முடித்து நேராக வண்டியை எங்கள் வாசலில் நிறுத்துவான். அவன் மேலிருந்து வருகிற வாடைக்குப் பூனை பின்னாலேயே வரும். அவன் ஹாரன் சத்தம் கேட்டதும் ஆஃப்ரின் பறந்து போய் அவன் தோளில் தொற்றிக்கொள்வாள். மீன் செதில் ஒட்டிய கை. நகத்தைப் பற்றி நான் சொல்லமாட்டேன்.

"கை கழுவுனியான்னு அவனக் கேக்கலியே?" என்றேன் நான். குரலில் ஆபீசர் வந்துவிட்டார்.

அவள் யோசித்தாள். "அது மாமா" என்றாள்.

ஜாபருக்குச் சங்கடமாகிவிட்டது. "மச்சான், நான் வேணா நாளையிலேருந்து குளிச்சிட்டு வரேன்" என்றான். நல்ல பையன். வேண்டாம் என்றேன்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அவளுக்கு விதி முக்கியம் இல்லை. தெரியாத ஒரு ஆள் வீட்டுக்குள் வந்து தங்கியிருக்கிறான், போகிற வழியாக இல்லை, எல்லாரும் அவனை அத்தா என்கிறார்கள், அம்மாவும் அவன் சொன்னதைக் கேட்கிறாள். அழுது அடம்பிடித்தால் திட்டு விழும். மரியாதையாக விலகி நிற்க அவளுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. அந்த வழியைப் போனில் உட்கார்ந்து தினம் தினம் செதுக்கிக் கொடுத்தவன் நான்.

லீவு போய்க்கொண்டிருந்தது. இனி ஒரு தடவை வருவதற்குள் அவள் பள்ளிக்கூடம் போகிற பெண்ணாகிவிடுவாள், தூக்குகிற வயது தாண்டிவிடும். ஒரே ஒரு தடவை அவளாக வந்து என் தோளில் சாய வேண்டும், அதற்கப்புறம் போய்விடலாம் என்று இருந்தது. ஆசை இவ்வளவுதான், சொல்லவும் வெட்கமாக இருந்தது.

7

கிளம்புவதற்குச் சில நாள் இருக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பெரம்பலூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் தொண்டையைப் பார்த்தார், மருந்து எழுதினார், சாதாரண வைரஸ்தான், தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்றார். நான் அவரிடம் இது தொற்றுமா, எத்தனை நாள் ஒதுக்கிவைக்க வேண்டும் என்றெல்லாம் விசாரித்தேன். அவர் சீட்டை நீட்டிக்கொண்டே, "எங்க வேல பாக்குறீங்க?" என்று கேட்டார்.

சாயங்காலம் மும்தாஜ் அக்கா வந்தாள். பிள்ளை கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். "மகுரிபு நேரமாச்சு ஷாஜிதா, தூக்கிட்டுப் போ. ஊதிட்டு வரட்டும்."

எங்கள் ஊரில் இது ஒரு வழக்கம். அந்தித் தொழுகை முடிந்து ஆண்கள் வெளியே வரும்போது பள்ளிவாசல் படிக்குக் கீழே பெண்கள் பிள்ளைகளோடு நிற்பார்கள். வெளியே வருகிற ஒவ்வொருவரும் மனதுக்குள் ஓதிக்கொண்டே பிள்ளையின் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பொட்டு வைத்த பெண்களும் தூக்கிக்கொண்டு வருவார்கள். சின்ன வயதில் என்னையும் அப்படித் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு தும்மலில் என்ன இருக்கிறது, ஒரு ஊதலில் எவ்வளவு தூரம் துளி போகும், காய்ச்சல் பிள்ளையைக் கூட்டத்துக்குக் கொண்டுபோனால் மற்றப் பிள்ளைகள் கதி என்ன என்று ஒரு வகுப்பே எடுத்தேன். சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன். "ஊர் ஆம்பளைங்க அத்தன பேரும் ஒரு புள்ள மூஞ்சில ஊதுனா அது வைத்தியமாக்கா? அதுக்குப் பேரு என்ன தெரியுமா?" என்று முடித்தேன்.

ஷாஜிதாதான் பேசினாள். சத்தம் போடவில்லை, பிள்ளைக்குத் தொப்பி மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"கிருமிதாங்க. இல்லன்னு யாரு சொன்னா. நீங்க இல்லாதப்ப இவளுக்கு எத்தன தடவ காச்ச வந்துருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா? பாதி நான் சொன்னதே இல்ல, நீங்க அங்க தூங்கமாட்டீங்கன்னு. ஒவ்வொரு தடவையும் டாக்டர்ட்ட போனேன், மருந்தும் குடுத்தேன். ராத்திரிக்கு நான் ஒத்தையா வச்சுப் பாக்கணும்ல, அதுக்கு முன்னாடி அங்க கொண்டுபோயி நின்னேன். வர்றவங்க எல்லாம் 'புள்ளைக்கு என்னம்மா'ன்னு ஒரு வார்த்த கேட்டாங்க. ஊதிட்டுப் போனாங்க. இந்தத் தெருவுல இவ மூஞ்சில ஊதாத ஆம்பள நீங்க ஒருத்தர்தான்."

பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். நானும் தொழப் போக வேண்டியவன்தான். அவர்களுக்குப் பத்தடி பின்னால் நடந்தேன்.

8

அன்று தொழுகையில் எனக்கு மனம் நிற்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முடிந்து வெளியே வந்தபோது படிக்குக் கீழே நாலைந்து பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி கையில் தண்ணீர்ப் புட்டி, அதிலும் ஊதுவதற்காக மூடியைத் திறந்து வைத்திருந்தாள். கடைசியில் ஷாஜிதா. தோளில் ஆஃப்ரின், கன்னமெல்லாம் சிவந்து, தொப்பி ஒரு பக்கம் சரிந்து.

எனக்கு முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக ஊதினார்கள். ஊதுகிற ஒவ்வொரு முறையும் அவள் கண்ணை இறுக்க மூடி முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். பழகிய பிள்ளை. அரிசிக்கடை பாய் முதலில் நன்றாக இருமிக்கொண்டு பிறகு ஊதினார். எனக்கு உயிர் போய் வந்தது. சட்டைப் பையில் முகக்கவசம் இருந்தது, அதை எடுத்து யாருக்கு மாட்டுவது என்று தெரியவில்லை.

என் முறை வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். நான் நின்றேன். சொல்லிக்கொடுத்ததையெல்லாம் ஒருவன் தானே மீறுவதற்குச் சில நொடிகள் ஆகும். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். "என்ன சாதிக்கு, ஓத மறந்துபோச்சா?" என்றார் ஒருவர்.

ஊதல் வரவில்லையே என்று அவள் ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். நான்தான் என்று தெரிந்தது. நகம், செருப்பு, மூக்கு என்று ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன்.

"நீங்களும் ஊதுங்க" என்றாள்.

குனிந்தேன். தெரிந்ததை ஓதினேன். ஊதினேன்.

அதற்குப் பதில் மாதிரி அவளுக்கு இருமல் வந்தது. முழங்கையும் இல்லை, கையும் இல்லை. நேராக என் முகத்தில், ஊதி முடித்து இன்னும் மூடாத என் வாயில், முழு இருமல். என் வேலையில் இதைவிடச் சுத்தமான தொற்றை யாரும் வரைந்து காட்ட முடியாது.

அவள் பயந்துபோனாள். முழங்கையை மடக்கித் தாமதமாக வாயில் வைத்துக்கொண்டாள். "மறந்துட்டேன்" என்றாள். திட்டுவேன் என்று எதிர்பார்த்து என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எனக்குத் தெரிந்தது, இத்தனை நாளும் நான் அவளைச் சோதிக்கிறேன் என்று அவளும் நினைத்திருக்கிறாள்.

"பரவால்லடா" என்றேன். "இருமல்னா வரத்தான் செய்யும்."

முகத்தைத் துடைக்கவில்லை. துடைக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை, தோன்றவில்லை, அவ்வளவுதான். துடைக்காத முகத்தை அவள் பார்த்தாள். அப்புறம் அம்மா தோளிலிருந்து இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினாள்.

வாங்கிக்கொண்டேன். உடம்பு கொதித்தது. கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மூக்கை என் சட்டையில் தேய்த்தாள். பின்னால் நின்றவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஷாஜிதா சரிந்த தொப்பியை எடுத்து மடக்கிக் கையில் வைத்துக்கொண்டாள். வீடுவரை தூக்கிக்கொண்டே நடந்தேன். எனக்கு அழுகை வந்தது, நண்பர் மன்னிக்க வேண்டும்.

மருந்தால்தான் காய்ச்சல் இறங்கியது, மறுநாளே. ஊதியதால்தான் என்றாள் அக்கா. டாக்டர் எழுதிய மருந்து என்றேன் நான். இருவரும் அவரவர் கருத்தில் உறுதியாக இருந்தோம். மிச்சமிருந்த நாட்களில் ஆஃப்ரின் பாதி கடித்த பிஸ்கட்டை என் வாயில் ஊட்டினாள். மஞ்சள் கூடைக்குப் போக வேண்டிய பிஸ்கட். எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

9

போர்வைக்கு வெளியே அறை நண்பர்கள் மாத்திரை வேண்டுமா என்று கேட்கிறார்கள். இன்று காலையிலிருந்து உடம்பு லேசாகிவிட்டது. தொண்டையில் மட்டும் கொஞ்சம் கரகரப்பு. இரண்டு நாளில் அதுவும் போய்விடும், நான் மறுபடி வாசலில் போய் நின்று கெஞ்சுகிற தாய்மார்களைத் திருப்பி அனுப்புவேன். அனுப்பத்தான் வேண்டும். உள்ளே பச்சைக்குழந்தைகள் இருக்கின்றன.

ஊரிலிருந்து கிளம்பும்போது பெட்டியில் முறுக்கு, ஊறுகாய், மசாலாப் பொடி எல்லாம் வைத்துக் கட்டினார்கள். விமான நிலையத்தில் எடை கூடுதல் என்று பாதியை எடுத்து வெளியே வைக்கச் சொன்னார்கள். இந்தக் காய்ச்சலை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. மகள் எனக்குக் கொடுத்தனுப்பியது இது ஒன்றுதான். அது குணமாகிக்கொண்டு வருவதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது. ஷீலாவிடம் இதைச் சொன்னால் மேலிடத்துக்கு என்ன எழுதுவார் என்று தெரியவில்லை. விமானத்தில் தொற்றியது என்று சொல்லப்போகிறேன்.

சற்று முன் வீட்டுக்குப் போன் செய்தேன். ஆஃப்ரின் திரை முழுக்க நெற்றியைக் காட்டிக்கொண்டு வந்தாள்.

"அத்தா, காச்ச போயிருச்சா?"

"இன்னும் இல்லடா" என்றேன். பொய்தான்.

"கிட்ட வாங்க."

போனை முகத்துக்கு அருகில் கொண்டுவந்தேன். அவள் உதட்டை அசைத்து ஏதோ முணுமுணுத்தாள். அவளுக்குத் தெரிந்த ஓதல் எது என்று தெரியவில்லை, கை கழுவுகிற பாட்டாகக்கூட இருக்கலாம். பிறகு கன்னம் உப்ப மூச்சை இழுத்து ஊதினாள். கேமராவில் ஆவி படிந்து அவள் முகம் மறைந்தது. வெறும் வெள்ளை. நான் கண்ணை இறுக்க மூடி, முகத்தை நிமிர்த்திக் காட்டினேன்.

"அவ்வளவுதான், சரியாயிரும்" என்றாள் அந்த வெள்ளைக்குள்ளிருந்து. "போயி கையக் கழுவிட்டுப் படுங்க."